அப்பாவின் குளியலறைக்கு ஆள் பார்த்த கதை

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் குளியலறையைச் சரிசெய்ய ஆள் வந்தார். அந்த ஏழரை மணிக்காக நான் பதினொரு வாரம் காத்திருந்தேன். ஏழு இருபத்தொன்பதுக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது; ஏழரைக்கு அழைப்பு மணி அடித்தது. நடுவில் இருந்த அந்த ஒரு நிமிடம் மனிதர் வண்டிக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே வருமுன் ஷூவுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டார். தூசி வரும் என்பது எனக்குத் தெரியும் என்று ஒரு கையெழுத்து, சத்தம் வரும் என்பதும் தெரியும் என்று இன்னொரு கையெழுத்து வாங்கினார். டைல்ஸ் இடுக்குகளில் எதையோ பூசினார். நாற்பது நிமிடத்தில் பெருக்கியும் விட்டுப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், எனக்கு இது இருபத்தோராவது வருடம். இன்னமும் இவர்களோடு போனில் பேசுவதென்றால் வியர்க்கிறது. இந்த ஆளைக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். சுவரில் தண்ணீர் கசிகிறது என்று சொல்ல நினைத்து, சுவர் அழுகிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்துப் பெண்மணி சற்று யோசித்து, எத்தனை நாளாக என்று கனிவாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த என் மகள் யாழினி போனை என் கையிலிருந்து வாங்கி மூன்று வாக்கியத்தில் பேசி முடித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. முன்பெல்லாம் அவள் போனை வாங்கும்போது உதவியாக இருந்தது. இப்போது நோயாளியிடமிருந்து தெர்மாமீட்டரை வாங்கும் நர்ஸ் போல வாங்குகிறாள்.

ஆள் போனபின் குளியல் தொட்டியின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைவிடப் பெரிய ஒரு குளியலறை வேலையை ஊரில் செய்து முடித்து ஒரு மாதம்தான் ஆகிறது; அந்த அலுப்பு இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டவோ இடித்துக் கட்டவோ கான்ட்ராக்டர் தேடுகிறவர்கள் இதைப் படிக்கலாம். பயன்படும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். பேச்சுத்துணைக்கு ஆகும்.

2

அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயலுக்கு மறுநாள் ஊரே இருட்டில் கிடக்கும்போது கம்பம் ஏறியவர். அம்மா போன பிறகும் கடலூர் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அந்த வீட்டில் குளியலறையும் கக்கூசும் கொல்லைப்பக்கம். பின்கதவைத் திறந்து மூன்று படி இறங்க வேண்டும். போன ஐப்பசி மழையில், இரண்டாவது படியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பார்க்க வந்த ஒவ்வொருவரும், கம்பத்திலிருந்து விழாத மனுஷன் இப்படி வாசப்படியில் விழுந்துவிட்டாரே என்றார்களாம். ஆறாவது ஆள் சொன்னபோது அப்பா தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாராம்.

ஆபரேஷன் முடிந்ததும் அக்கா அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். அக்கா தமிழ்ச்செல்வி அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவர் பழனிவேல் மாமா தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, கூப்பிடு தூரத்தில் டாக்டர். நான் இங்கிருந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். மூன்று வாரம்தான் விட்டேன்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அப்பன் மகள் வீட்டுக்குப் போனால் காபி குடிக்கலாம், பேரப்பிள்ளைக்கு பிஸ்கட் கொடுக்கலாம். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஆகவே திருத்தவும் வழியில்லை. அதைக்கூட உடம்பைக் காரணம் காட்டி அப்பா பொறுத்துக்கொண்டார். குளியலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் தனியாகக் குளிக்க முடியாது. அந்த வீட்டுக் குளியலறைக்குள் வாக்கர் நுழையாது. மகள் குளிப்பாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் மாப்பிள்ளைதான். இருபத்தாறு வருடமாக அந்த மாப்பிள்ளை வந்தால் அப்பா நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். இப்போது அதே மாப்பிள்ளை அவருக்குச் சோப்புப் போட்டு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க ஆரம்பித்தார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்றானது. கேட்டால் குளிருது என்பாராம். தினமும் இரண்டு வேளை குளித்த ஆள்.

மாமா ஒருநாள் கடையிலிருந்து கூப்பிட்டார். "மச்சான், நான் ஒண்ணும் நெனச்சிக்கல. அவுருதான் நெனச்சிக்கிறாரு. துண்டக் கட்டிக்கிட்டு கண்ண இறுக்கி மூடிக்கிறாரு. நானும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுதான் தண்ணி ஊத்துறேன்" என்றார்.

அன்று மாலை அப்பாவிடம் பேசினேன். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போயிடணும்டா."

எப்போது என்று கேட்டேன்.

"உள்ளேயே ஒரு குளியலறை கட்டிக் குடு. அன்னிக்கே போறேன்."

யாழினிக்கு இது புரியவே இல்லை. அத்தை அவருடைய மகள்தானே, அங்கேயே இருந்தால் என்ன என்று கேட்டாள். ஜெர்மன் மொழியில்தான். நான் தமிழில் கேட்பதும் அவள் ஜெர்மனில் சொல்வதும் எங்கள் வீட்டில் சில வருடமாகவே நடக்கிறது. பத்து நிமிடம் விளக்கினேன். கடைசியில், அப்படியானால் அத்தை வீடு அத்தையுடையது இல்லையா என்றாள். பதில் சொல்ல என் ஜெர்மன் போதாது என்று எழுந்து வந்துவிட்டேன். தமிழிலும் என்னிடம் பதில் இல்லை என்பது மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது.

3

நான் கார் கதவுகளுக்கான ரப்பர் விளிம்புகளைத் தரப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். இருபத்தோரு வருடமாக ரப்பரை நம்பாமல் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே கான்ட்ராக்டர் தேட வேண்டும் என்றதும் எக்ஸெல் திறந்தேன். இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இதற்கு முன் எத்தனை வீடு, சொந்த ஆட்களா தினக்கூலியா, நீர்க்கசிவுக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று போகும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இந்த இருபத்திரண்டையும் தாண்டி வருகிறவன் ஏன் கொத்து வேலைக்கு வரப்போகிறான் என்றாள்.

மூன்று பேர் தேறினார்கள்.

முதலாவது, கடலூரில் ஏசி போட்ட ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு நிறுவனம். கேட்ட மறுநாளே அனிமேஷன் வீடியோ அனுப்பினார்கள். அதில் எங்கள் குளியலறையில் ஒரு தொட்டி இருந்தது, ஆளுயரச் செடி இருந்தது, ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. நிஜத்தில் அந்த ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு மோட்டார்தான் தெரியும். இடுப்பு உடைந்தவர் பிடித்துக்கொண்டு எழக் கம்பி வேண்டுமே என்றேன். தாராளமா சார், குரோம் ஃபினிஷா மேட் ஃபினிஷா என்றார் மேனேஜர். என் அட்டவணையில் இவர்களுக்குத்தான் பத்தொன்பது மதிப்பெண்.

இரண்டாவது, மாமாவின் பங்காளி ஒருவர். இவரிடம் கேள்வி கேட்கவே முடியவில்லை. நம்ம வூடு மச்சான் இது, இதுக்குப் போயி எழுதிக் குடுக்கணுமா என்றார். இவரை வேண்டாம் என்றால் அக்காவுக்குப் புகுந்த வீட்டில் பேச்சு வரும். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மாமாவே கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் நின்று பேசினார் போல. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மச்சான், அவன மட்டும் வச்சிடாதீங்க. எங்க சித்தப்பா வூட்டு மாடி ரெண்டு வருசமா கம்பிய நீட்டிக்கிட்டு நிக்குது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஆக, பழியை யாராவது ஏற்க வேண்டும். ஜெர்மனியின் தலையில் போட்டேன். சொந்தக்காரருக்கு வேலை கொடுத்தால் இங்கே சட்டச் சிக்கல் வரும் என்று அந்தப் பங்காளியிடம் சொன்னேன். அவர் நம்பியதோடு, அங்க ரூல்ஸ் ஜாஸ்திதான் மச்சான் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். ஜெர்மனியைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊரில் நம்புகிறார்கள். வெளிநாட்டில் இருப்பதன் பயன்களில் ஒன்றாக இதைக் குறித்துக்கொள்ளலாம். மற்றவற்றை யோசித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆள் கலியபெருமாள். கிள்ளைக்காரர், மீனவக் குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகு ஏறினால் வாந்தி. அதனால் பதினேழு வயதிலேயே கொத்துக்கரண்டி பிடித்துவிட்டாராம். மாமா கடைக்கு ஏதோ பிளான் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை மாமா பிடித்து வைத்தார். இருபத்திரண்டு கேள்விகளையும் அனுப்பினேன். பதிலாக ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் கலவை மெஷின் ஓடியது. என் கேள்வி எதற்கும் அதில் பதில் இல்லை. அவர்தான் ஒன்று கேட்டிருந்தார்.

"சார், ஐயா எந்திரிக்கிறப்ப எந்தக் கைய ஊனுறாரு?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டேன், அவளும் யோசித்தாள், தெரியவில்லை. மாமாவுக்குத்தான் தெரிந்திருந்தது. இடது கை என்றார். வலது கையால் துண்டைப் பிடித்துக்கொள்வாராம்.

கலியபெருமாளுக்கு என் அட்டவணையில் ஒன்பது மதிப்பெண். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட அட்டவணையில் கட்டம் இல்லை.

4

பத்தொன்பதா ஒன்பதா என்று நான் குழம்பியிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். "ஒன் டேபிள மூடி வை தம்பி. மழ வரட்டும்" என்றாள்.

கார்த்திகையில் மழை வந்தது. கடலூர் மாவட்டத்துக்கு மழை வருவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா இருவரிடமும் ஒரே ஒரு விஷயம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்: மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் கட்டி முடித்த ஒரு வீட்டின் விலாசம். புது வீட்டைக் காட்டாதே, புது வீடு எல்லாம் அழகுதான் என்பது அவள் கட்சி. மழையின் இரண்டாம் நாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, மழைக்கோட்டில்.

ஏசி ஆபீஸ்காரர்கள் கட்டிய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே வாளி வைத்திருந்தார்களாம். அதைக்கூட அக்கா பெரிதாக எடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் எதிரிலேயே நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மழை விட்ட மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, வணக்கம் சார், புதுசா புராஜெக்ட் ஏதும் இருக்கா என்று கேட்டார்களாம்.

கலியபெருமாள் கட்டிய வீடு குமராட்சி பக்கம், வயல் நடுவில். சாலையில் கணுக்கால் தண்ணீர். அந்த வீட்டு அம்மாவிடம் மாடி ஒழுகுமா என்று அக்கா கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சொன்னதை அக்கா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"ஒழுவுச்சு. எந்த வூடும்மா ஒழுவல? சொன்னா வருவாரு. போன வருசம் மினிபஸ் ஓடலன்னு இந்தத் தண்ணியில நடந்தே வந்தாரு. வந்து, ஏன் நேத்தே சொல்லலன்னு எங்களத்தான் திட்டுனாரு."

அக்கா தீர்ப்பை எழுதிவிட்டாள். கூப்பிட்டால் திட்டிக்கொண்டே வருகிற ஆள்தான் நமக்கு வேண்டும் என்றாள். கசிகிறதா கசியவில்லையா என்று மட்டுமே கேட்டுப் பழகிய என் உத்தியோகத்துக்கு அது ஒரு சின்ன அவமானம். எக்ஸெல்லை மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

5

குளியலறை எப்படி இருக்க வேண்டும் என்பதை வரைந்தது யாழினி. இங்கே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் இரண்டு வாரம் எங்காவது வேலை பழக வேண்டும். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் சூப் ஊட்டிவிட்டு வந்திருந்தாள். வாக்கரோடு ஆள் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் காலியாக இருக்க வேண்டும், வாசலில் நிலைப்படி கூடாது, உள்ளே ஆள் விழுந்து கிடந்தாலும் திறக்கும்படி கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றாள். பென்சிலால் அரைமணியில் வரைந்து கொடுத்தாள். குறிப்பெல்லாம் ஜெர்மனில். வட்டத்துக்கு நடுவில் மட்டும் 'தாத்தா' என்று தமிழில் எழுதியிருந்தாள். வாரம் ஒருமுறை வீடியோவில் சாப்பிட்டீங்களா தாத்தா, சரி தாத்தா, பை தாத்தா என்று மூன்று வரி பேசுகிறவள் அவ்வளவு யோசித்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

அந்தப் படத்தை அடிக்கணக்கில் மாற்றினேன். முன்னறை பதினேழு அடி நீளம். அதில் குறுக்கே அரையடிச் சுவர் எழுப்பி, கக்கூசும் சேர்த்து ஏழு அடி குளியலறைக்கு, மிச்சம் அப்பாவின் கட்டிலுக்கு. அளவுகளோடு எட்டுப் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி மாமா கடைக்கு அனுப்பினேன். கலியபெருமாள் பேனாவை வாங்கி எட்டுப் பக்கத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டாராம். படிக்கவில்லையா என்று மாமா கேட்டிருக்கிறார்.

"படிச்சா சார நம்பாத மாதிரி ஆயிடும்" என்றாராம்.

தை பிறந்து நல்ல நாளில் வேலை ஆரம்பித்தது. அப்பா தினமும் அக்காவிடம் இன்று என்ன நடந்தது என்று கேட்பார். ஜல்லி வந்தது என்றால் அன்று ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவாராம்.

6

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சிதம்பரத்திலிருந்து வேலையைப் பார்க்கப் போனாள். சும்மா போகவில்லை, அப்பாவின் வாக்கரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனாள். குறுக்குச் சுவர் தோளுயரம் எழும்பியிருந்தது. அங்கிருந்து எனக்கு வீடியோவில் வந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கக்கூசுக்குக் குறித்திருந்த இடத்தை விட்டுத் திரும்ப முயன்றாள். வாக்கரின் கால் சுவரில் இடித்தது. மறுபடி திரும்பினாள். மறுபடி இடித்தது.

"தம்பி, திரும்பல" என்றாள்.

அளந்தார்கள். ஏழடி இருக்க வேண்டிய இடத்தில் ஆறடி இருந்தது.

அங்கேயே நின்ற கலியபெருமாளைக் கேட்டேன். தப்பு நடந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டுப் பேர் வெளியே வராமல் வைத்திருந்தவர் போல் கூச்சப்பட்டார்.

"ஏழடி ஆவாது சார். மனையடி கணக்குல ஏழு தரித்திரம். நீங்க அங்க இருக்கீங்க, ஒங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. ஐயாவுக்கு வேற ஒடம்பு சரியில்ல. தெரிஞ்சே ஏழு போட மனசு வரல. ஆறு நல்ல அளவு."

அறையின் உள்ளளவு இத்தனை அடி என்றால் நல்லது, இத்தனை என்றால் கேடு என்று சொல்லும் அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் இருக்கும். என் எட்டுப் பக்க ஒப்பந்தத்தை அந்த அட்டை தோற்கடித்திருந்தது. நான்காவது பக்கத்தில், எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அளவை மாற்றக்கூடாது என்று இருக்கிறது. அதை உரக்கப் படித்தேன். கோயிலில் அர்ச்சனையைக் கேட்பது போல் தலைகுனிந்து கேட்டார். கேட்டு முடித்து, "அதெல்லாம் சரிதான் சார். ஆனா ஏழு ஆவாதுல்ல?" என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு சோர்வு. கான்ட்ராக்டரோடு வேலை செய்த எவருக்கும் தெரியும், இந்த இடத்தில்தான் எல்லாம் முடியும். கட்டியதை இடி என்று சொல்கிற நாள்தான் அவர் போன் அணைந்து போகிற நாள். அப்புறம் அரைச் சுவர் பாசி பிடித்து நிற்கும். பங்காளி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அப்பா இன்னொரு மழைக்காலம் துண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். அக்கா போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள்.

கலியபெருமாள் அக்காவிடமிருந்து வாக்கரை வாங்கினார். உள்ளே போனார். அப்பா நடப்பது போல் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். திரும்பினார், இடித்தது. பின்னால் நகர்ந்து இன்னொரு பக்கமாகத் திரும்பினார். முழங்கை செங்கல்லில் உரசியது. முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு வாக்கரை வெளியே வைத்துவிட்டுக் கடப்பாரை எங்கே என்று ஆட்களைக் கேட்டார்.

"இடிச்சிட்டுப் பேசலாம் சார்."

முதல் செங்கல்லை அவரே பெயர்த்தார். பாதிச் சுவர் இறங்கியபின் மூச்சு வாங்க நின்று, "எட்டு போட்டுடுறேன். எட்டு யோகம்" என்றார். கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? பதினேழில் எட்டு போக, சுவர் அரை போக, கட்டில் பக்கம் எட்டரை வருகிறதே, அது என்ன பலன் என்று கேட்டாள். அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். கட்டில் பக்கம் சுவரோடு அரையடிக்கு ஒரு ஷெல்ஃப் அடித்தால் அங்கேயும் உள்ளளவு எட்டு. ஐயாவுக்கு மருந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். என் மகளின் வட்டம் அதற்குள் தாராளமாக உட்கார்ந்தது, ஒரு ஸ்டூலுக்கும் இடம் விட்டு.

கேட்காமல் அளவை மாற்றினார் என்பது பெரிய தப்புதான். ஊரில் எனக்குத் தெரிந்து அந்தத் தப்பைச் செய்யாத மேஸ்திரி இல்லை. நம் நன்மைக்காக நம்மைக் கேட்காமல் செய்வது அங்கே ஒரு பண்பாடு. தன் சுவரைத் தானே இடிக்கிறவரை மட்டும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மனையடியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று மாலை இங்கே எங்கள் வீட்டுக் குளியலறையை டேப் வைத்து அளந்தேன், அவ்வளவுதான். எத்தனை அடி என்று இங்கே எழுதுவதாக இல்லை.

7

வைகாசியில் இரண்டு வார விடுப்பில் போனேன். யாழினி வரவில்லை, தோழிகளோடு ஏரிக்கரையில் கூடாரம் போடும் திட்டம் அவளுக்கு. படம் அனுப்பச் சொன்னாள். என் படமா, குளியலறைப் படமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சிதம்பரத்திலிருந்து காரில் அப்பாவை அழைத்து வந்தோம். அக்காவும் பின்சீட்டில் இருந்தாள். மாமா அன்றும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஏழு மாதத்தில் எத்தனையாவது முறையோ. கடலூர் வீட்டு வாசலில் கலியபெருமாள் வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் போல இருந்தார்.

அப்பா நேராகக் குளியலறைக்குப் போனார். இடது கைப்பக்கக் கம்பியைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுதையும் அதில் போட்டு இழுத்துப் பார்த்தார். ஒரு காலத்தில் கம்பத்துக் கொக்கியை இப்படித்தான் பார்த்திருப்பார்.

"எவ்ளோ ஆழம் எறக்கியிருக்க?"

"நாலு இஞ்சி ஐயா."

சரி என்று தலையாட்டினார். இப்போதே குளிக்கிறேன் என்றார். மணி மதியம் மூன்று. அக்கா வாளியில் வெந்நீர் விளாவி வைத்து, துண்டும் மாற்று வேட்டியும் மாட்டிவிட்டு வந்தாள். ஆபத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாளாகப் போடச் சொல்லியிருந்தாள் அவள். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எங்கள் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தார். வாக்கரோடு உள்ளே போய்த் திரும்பி, கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் வெளியே நின்றோம். ஸ்டூல் நகர்ந்தது. தண்ணீர் விழுந்தது. மாமா வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். யாரும் சொல்லவில்லை, ஏழு மாதத்துப் பழக்கம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரமாகியும் மறுபடி கேட்கவில்லை. நான் கதவை நோக்கி ஓர் அடி வைத்தேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"சோப்பு போடுறாரு" என்றார் மெதுவாக. "முதுவு எட்டாது, அதான் நேரமாவுது. இனிமே காலுக்கு ஊத்துவாரு."

காலுக்கு ஊற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் மடமடவென்று தலைக்கு. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மாப்ள இருக்காரா?"

"இருக்கேன் மாமா."

"நீங்க கெளம்புங்க மாப்ள. கடைய எத்தினி நாளுதான் சாத்தி வைப்பீங்க."

மாமா மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிங்க மாமா" என்று சொல்லி, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கதவுகிட்ட நிக்காதீங்க மச்சான். அவுருக்குப் புடிக்காது."

நான் நகர்ந்து வந்து உட்கார்ந்தேன்.